இட்லிப்பூ இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: என்ன செய்யலாம்?

மேடவாக்கத்து மண் | பிப்ரவரி 9

வணக்கம். புது வீட்டுக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. காம்பவுண்டு சுவரை ஒட்டி வரிசையாக 12 இட்லிப்பூச் செடி வைத்தோம். குட்டை ரகம், ஆரஞ்சுப் பூ. நர்சரியில் பார்த்தபோது கவருக்குள் இருந்த செடியிலேயே கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. இப்போது இலையெல்லாம் எலுமிச்சைப் பழ நிறத்துக்கு வந்துவிட்டது. நரம்பு மட்டும் பச்சையாக, வரைந்து வைத்தது போல் தெரிகிறது. பூ கிடையாது.

கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. மண்புழு உரம், மாதம் ஒரு கைப்பிடி டிஏபி, முட்டை ஓட்டுத் தூள், அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பும் விறகடுப்புச் சாம்பல் எல்லாம் போடுகிறேன். தினமும் போர் தண்ணீர். வரிசையில் கடைசி 2 செடி மட்டும் பச்சைப் பசேலென்று பூத்துக்கொண்டிருக்கிறது. அந்த மூலையில் கொஞ்சம் நிழல் உண்டு. அப்படியானால் மற்றவற்றுக்கு வெயில் தாங்கவில்லையா? பச்சை வலை கட்டலாமா?

மாடியில் மல்லி | பிப்ரவரி 9

எப்சம் சால்ட் போடுங்க. லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், 15 நாளைக்கு ஒரு தடவை. என் செம்பருத்தி இதே மாதிரி மஞ்சளாகி, அதில்தான் தேறியது.

குழித்துறை | பிப்ரவரி 9

இட்லிப்பூவுக்கு வெயில் தாங்கவில்லையா! எங்கள் பக்கம் இதற்குத் தெற்றி என்று பெயர். எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போனால் செத்தி, தெச்சி. வேலியோரம் நாள் முழுக்க வெயிலில் நிற்கும். யாரும் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. நிழலில் வைத்தால்தான் பூ குறையும். பச்சை வலைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

ஆய்வகத்துப் பூனை | பிப்ரவரி 9

யாரும் எதுவும் போடுவதற்கு முன் ஒரே கேள்வி. மஞ்சளாக இருப்பது புதுத் துளிர் இலையா, அடியில் இருக்கும் பழைய இலையா?

மேடவாக்கத்து மண் | பிப்ரவரி 10

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நுனி இலைதான் மஞ்சள். புதிதாக வருவது கிட்டத்தட்ட வெள்ளையாகவே வருகிறது. அடி இலைகள் கரும்பச்சையாகத்தான் இருக்கின்றன. இதை நான் கவனித்ததே இல்லை.

ஆய்வகத்துப் பூனை | பிப்ரவரி 10

அப்படியானால் எப்சம் சால்ட்டை மறந்துவிடுங்கள். அதில் இருப்பது மெக்னீசியம். மெக்னீசியம் பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையில் இருப்பதை உருவிப் புதுத் துளிருக்கு அனுப்பும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது. பழைய இலைக்குள் போனது அங்கேயே தங்கிவிடும். புதுத் துளிர் வேரை நம்பித்தான் இருக்க வேண்டும். வேர் கொடுக்காவிட்டால் துளிர் வெளுத்துப் பிறக்கும். நீங்கள் சொல்வது அதுதான். மாங்கனீசு குறைந்தாலும் ஏறக்குறைய இப்படித் தெரியும் என்பதால் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கட்டும்.

இனி மூன்று விஷயம் தெரிய வேண்டும். செடி வைத்த குழியில் என்ன மண்? போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, என்ன? அந்தக் கடைசி 2 செடிக்கு மட்டும் என்ன வித்தியாசம்?

மாடியில் மல்லி | பிப்ரவரி 10

பூனை சொல்வது சரிதான் போலிருக்கிறது. என் செம்பருத்தியில் அடி இலைதான் மஞ்சளானது. ஆனால் எப்சம் சால்ட்டை எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேனே, ரோஜாவுக்குக்கூட!

மேடவாக்கத்து மண் | பிப்ரவரி 11

மண்: வீட்டு வேலை முடிந்ததும் மிச்சமான ரப்பீஸை அந்த ஓரத்தில்தான் கொட்டி மட்டம் செய்தார்கள். உடைந்த செங்கல், சிமெண்ட் கட்டி, கொஞ்சம் பூச்சு மணல். அதன் மேல் ஒரு லோடு செம்மண். தோண்டிப் பார்த்தால் செம்மண் முக்கால் அடிகூட இல்லை.

தண்ணீர்: டிடிஎஸ் மீட்டரில் 1100 காட்டுகிறது. பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கெய்சர் ஒருமுறை உப்புக் கட்டிப் பழுதாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகக் கூடாது என்று அத்தை அதைப் பிடித்துவைத்து இந்தச் செடிகளுக்குத்தான் ஊற்றுகிறார்.

கடைசி 2 செடிக்கு என்ன வித்தியாசம் என்று எனக்கே தெரியவில்லை. அதே நர்சரி, அதே நாள், அதே குழி.

பழைய நர்சரி | பிப்ரவரி 11

அம்மா, நான் 30 வருடம் நர்சரி நடத்தியவன். நீங்கள் எழுதியதைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து பிடிக்காத செடி ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இட்லிப்பூதான். நீங்கள் அதைச் சிமெண்ட் சுவரின் ஓரத்தில், சிமெண்ட் குப்பை மேல் வைத்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, முட்டை ஓட்டைத் தூவி, மேலே சாம்பலும் போட்டிருக்கிறீர்கள். முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்பு. சாம்பல் காரம். நல்ல மனதோடு போட்டதுதான், ஆனால் பாலில் புளியைக் கரைத்துவிட்டு ஏன் திரிந்தது என்று கேட்பது போல் இருக்கிறது.

முதலில் முட்டை ஓடு, சாம்பல், டிஏபி மூன்றையும் நிறுத்துங்கள். டிஏபியில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானாலும் இரும்பு செடிக்குப் போகாது.

மேடவாக்கத்து மண் | பிப்ரவரி 11

ஐயா, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் செம்மண்ணில் இரும்பு நிறைய இருக்கும் என்பார்களே? அதற்காகத்தான் ஒரு லோடு வாங்கினோம்.

ஆய்வகத்துப் பூனை | பிப்ரவரி 11

இருக்கிறது. செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். ஆனால் அது துரு நிலையில் இருக்கும் இரும்பு. மண்ணில் லேசான புளிப்பு இருந்தால்தான் அதில் கொஞ்சம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். இட்லிப்பூவுக்குக் கார அமில அளவு (pH) 5லிருந்து 6.5க்குள் இருந்தால் சுகம். 7.5ஐத் தாண்டிவிட்டால் சுற்றிலும் இரும்பு கிடந்தும் வேர் பட்டினி கிடக்கும். காப்பிச் செடியும் இட்லிப்பூவும் ஒரே குடும்பம். காப்பி ஏன் சுண்ணாம்புத் தரையில் வருவதில்லை என்று யோசித்தால் இதுவும் புரிந்துவிடும்.

உங்கள் தண்ணீரில் டிடிஎஸ் எண்ணைவிட, பக்கெட்டில் படியும் அந்த வெள்ளைதான் முக்கியம். தண்ணீரில் பைகார்பனேட் இருப்பதற்கு அதுதான் அடையாளம். மண்ணை என்னதான் சரிசெய்தாலும் தினமும் ஊற்றும் தண்ணீர் அதைத் திரும்பக் காரமாக்கிக்கொண்டே இருக்கும். ஆர்ஓ கழிவு நீரில் இதே உப்பு இன்னும் செறிவாக இருக்கும். மீட்டரில் வைத்துப் பாருங்கள்.

குட்டித் தொட்டி | பிப்ரவரி 12

நான் புதுசு. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். அந்தக் கடைசி 2 செடிக்கு மேலே ஏசி இருக்கிறதா?

மேடவாக்கத்து மண் | பிப்ரவரி 12

அட! ஆமாம். படுக்கையறை ஏசியின் தண்ணீர்க் குழாய் அந்த மூலையில்தான் சொட்டுகிறது. இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

குட்டித் தொட்டி | பிப்ரவரி 12

எங்கள் ஃபிளாட்டில் ஏசி சொட்டும் இடத்தில் மட்டும் தொட்டிச் செடி நன்றாக வரும். அதனால் கேட்டேன்.

பழைய நர்சரி | பிப்ரவரி 12

புதுசு என்று சொல்லிக்கொண்டு எங்கள் எல்லோரையும் மடக்கிவிட்டீர்கள் தம்பி.

குழித்துறை | பிப்ரவரி 12

ஏசி தண்ணீரை நம்பலாமா? உள்ளே செம்புக் குழாய் இருக்கிறதே.

ஆய்வகத்துப் பூனை | பிப்ரவரி 12

காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர் அது. ஏறக்குறைய மழைத் தண்ணீர் மாதிரிதான், உப்பே கிடையாது. குடிக்கத்தான் கூடாது. தூசியும் பாசியும் கலந்திருக்கும். செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். அதில் சத்தும் கிடையாது என்பதால் உரம் தனியாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது இரண்டு சோதனை செய்யுங்கள். செலவு அதிகம் ஆகாது.

ஒன்று, மண். மஞ்சளான செடியின் அடியில் அரை அடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் காயவைத்து, அதன் மேல் வெள்ளை வினிகர் சில சொட்டு விடுங்கள். சோடா மாதிரிப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. பொங்காவிட்டால் இல்லவே இல்லை என்று அர்த்தமாகாது, ஆனால் பொங்கினால் சந்தேகம் இல்லை.

இரண்டு, இலை. உரக்கடையில் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கிடைக்கும். அரை லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராம் அன்னபேதியும், சமையலுக்கு விற்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) அரை கிராமும் கரையுங்கள். நன்றாக விரிந்த ஒரு மஞ்சள் இலையில் பாதிக்கு மட்டும் தூரிகையால் பூசுங்கள், மறுபாதியைத் தொடாதீர்கள். சாயங்காலம் பூசுவது நல்லது. 10 நாளில் பூசிய பாதி பச்சை கட்டினால் வியாதி இரும்புதான். மாறவே இல்லை என்றால் மாங்கனீசைப் பார்ப்போம்.

பழைய நர்சரி | பிப்ரவரி 12

அன்னபேதி வாங்கும்போது இளம்பச்சைக் கல்லாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பேறியிருந்தால் காற்றுப்பட்டுக் கெட்டுப்போனது, வாங்காதீர்கள். இன்னொன்று, டைல்ஸ் மேல் வைத்துக் கரைக்காதீர்கள். சிந்தினால் துருக்கறை பிடிக்கும், லேசில் போகாது.

கத்தரிக்கோல் | பிப்ரவரி 13

இரும்புதானே வேண்டும்? எங்கள் தாத்தா செடி அடியில் துருப்பிடித்த ஆணி புதைப்பார்.

ஆய்வகத்துப் பூனை | பிப்ரவரி 13

ஆணி கரைந்து வருவதற்குள் வீட்டுக் கடனே அடைந்துவிடும். காரமான மண்ணில் அதுவும் அந்தச் செம்மண் கதைதான். உங்கள் தாத்தாவின் மண்ணில் புளிப்பு இருந்திருக்கும், ஆணி இல்லாமலும் செடி நன்றாகத்தான் வந்திருக்கும்.

உரும்பிராய்த் தோட்டம் | பிப்ரவரி 14

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட வீட்டில் இதை எக்சோரா என்றுதான் சொல்லுவோம். இங்கே நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும். அதனால் இந்த மஞ்சள் எங்களுக்குப் பழகின விஷயம்.

அம்மம்மா எக்சோராவை நிலத்தில் வைக்கவே மாட்டா. பாதியாக வெட்டின தார் பீப்பாயில் இலைமக்கும் செம்மண்ணும் போட்டு வைப்பா. மாரியில் கூரைத் தண்ணீரைப் பெரிய பீப்பாய்களில் பிடித்து மூடி வைத்து, அது முடியும் மட்டும் அந்தத் தண்ணீர்தான். இரசாயனம் ஒன்றும் அவவுக்குத் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் "செடி சோகை பிடிக்கும்" என்று மட்டும் சொல்லுவா.

ஆய்வகத்துப் பூனை | பிப்ரவரி 14

சோகை! இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அதுவும் இரும்புக் குறைவுதானே.

மேடவாக்கத்து மண் | பிப்ரவரி 15

வினிகர் விட்டேன். பொங்கியதைப் பார்த்து என் பையன் இன்னொரு தடவை என்று அடம் பிடித்துப் பாதிப் பாட்டிலைக் காலி செய்துவிட்டான். ஏசி மூலையில் மேல் மண் பொங்கவில்லை. கீழே ரப்பீஸ் வரும் இடத்தில் பொங்கியது. ஆர்ஓ கழிவு நீரின் டிடிஎஸ் 1700. இலையில் நேற்று மாலை பூசியாயிற்று.

மேடவாக்கத்து மண் | பிப்ரவரி 25

பூசி 11 நாள் ஆயிற்று. ஒரே இலையில் நடு நரம்புக்கு இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் பச்சை. நேர்கோடு போட்ட மாதிரி இல்லை, திட்டுத் திட்டாகத்தான் பச்சை கட்டியிருக்கிறது. ஆனாலும் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இப்போது என்ன செய்யட்டும்? எல்லாச் செடிக்கும் அடியில் அன்னபேதி போட்டுவிடட்டுமா?

மாடியில் மல்லி | பிப்ரவரி 25

புளித்த மோர் ஊற்றலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காப்பித் தூள் சக்கையும்.

ஆய்வகத்துப் பூனை | பிப்ரவரி 25

மோரில் இருக்கும் புளிப்பு ஒரு தொட்டிக்குக் கொஞ்ச நாள் உதவலாம். சிமெண்ட் கட்டிக்கு முன்னால் அது எம்மாத்திரம்? காப்பிச் சக்கையில் புளிப்பு பெரும்பாலும் டிகாஷனோடு போய்விடுகிறது. உரக்குழியில் போடுங்கள்.

அன்னபேதியை அந்த மண்ணில் போட்டால் சில நாளிலேயே துருவாகிச் செடிக்கு எட்டாமல் போய்விடும். இலையில் தெளிக்க அது நல்லது: லிட்டருக்கு 3 கிராமில் தொடங்கி 5 கிராம் வரை, எலுமிச்சை உப்பு 1 கிராம், 10 நாளைக்கு ஒரு முறை, மாலையில். அதற்கு மேல் போனால் துளிர் கருகும். ஆனால் தெளித்த இலைதான் பச்சையாகும். அடுத்துப் பிறப்பது மறுபடி மஞ்சளாகத்தான் பிறக்கும்.

மண்ணில் போடுவதானால் சீலேட் இரும்பு, அதாவது துருவாகிவிடாமல் வேறொரு சேர்மம் பிடித்துவைத்திருக்கும் இரும்பு. கடையில் வெறுமனே அப்படிக் கேட்டால் ஈடிடிஏ வகையைத்தான் எடுத்துத் தருவார்கள், 12 சதவீதம் இரும்பு என்று எழுதியிருக்கும். விலை குறைவு, ஆனால் கார மண்ணில் அது நிலைக்காது. உங்களுக்கு வேண்டியது ஈடிடிஹெச்ஏ வகை. 6 சதவீதம்தான் இரும்பு, விலையும் அதிகம், ஆனால் கார அமில அளவு 9 வரை தாங்கும். தண்ணீரில் போட்டால் ரத்தச் சிவப்பாகக் கரையும். செடிக்கு 2 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வேரடியில் ஊற்றி, மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு உள்ளே இறக்கிவிடுங்கள். வெளிச்சம் பட்டால் வீணாகும். இலையில் தெளிக்காதீர்கள்.

பழைய நர்சரி | பிப்ரவரி 26

பூனை சொல்வதில் தப்பில்லை. ஆனால் நான் வேறு மாதிரி சொல்வேன். ஒரு செடிக்கு மாதாமாதம் மருந்து கொடுத்துத்தான் உயிரோடு வைக்க வேண்டும் என்றால் அது அந்த இடத்துச் செடி இல்லை. சுவரோரத்தில் அரளி வையுங்கள், காகிதப்பூ வையுங்கள். சுண்ணாம்பு, உப்பு எதையும் சட்டை செய்யாது. நந்தியாவட்டைகூட இட்லிப்பூவைவிடப் பொறுத்துப்போகும். அந்த ஆர்ஓ தண்ணீரையும் மற்ற தண்ணீரோடு கலந்து அரளிக்கு ஊற்றலாம், அத்தைக்கும் மனக்குறை இருக்காது. வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதால் ஒன்று: அரளியின் பால் விஷம், குழந்தை கை படாத இடத்தில் வையுங்கள்.

இட்லிப்பூ வேண்டும் என்றால் தொட்டிக்கு மாற்றுங்கள்.

குழித்துறை | பிப்ரவரி 26

அப்படிப் பார்த்தால் சென்னையில் யாருமே இட்லிப்பூ வளர்க்க முடியாதே. பூங்காவில், சாலை நடுவில் எல்லாம் நிற்கிறதே?

பழைய நர்சரி | பிப்ரவரி 26

நிற்கிறது. அடுத்த முறை போகும்போது இலையைப் பாருங்கள், பாதிக்கு மேல் சோகை பிடித்துத்தான் நிற்கும். வருடம் ஒரு முறை பிடுங்கிவிட்டுப் புதுசு வைப்பதும் உண்டு. நான் அந்த வியாபாரத்தில் இருந்தவன்.

மேடவாக்கத்து மண் | பிப்ரவரி 27

12ஐயும் பிடுங்க மனசு வரவில்லை. எத்தனையைத் தொட்டிக்கு மாற்றலாம் என்று யோசிக்கிறேன். ஏசி தண்ணீரைப் பிடித்துப் பார்த்ததில் ஒரு இரவில் முக்கால் பக்கெட் வருகிறது.

பழைய நர்சரி | பிப்ரவரி 27

இப்போது தோண்டாதீர்கள். வெயில் ஏறும் நேரம், அரை உயிராக இருக்கும் செடி மாற்றினால் போய்விடும். ஆடியில் இரண்டு மழை விழட்டும். அதுவரை பூனையின் மருந்தைக் கொடுங்கள். ஆர்ஓ தண்ணீர் கூடவே கூடாது.

தொட்டி மண்ணுக்கு: செம்மண் 2 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் 1, கழுவிய தென்னை நார்க் கழிவு 1. கழுவாத நார்க் கழிவில் உப்பு இருக்கும். செம்மண்ணையும் வினிகரில் பார்த்துவிட்டு வாங்குங்கள், பையனுக்கும் வேலை கிடைக்கும். தோண்டி எடுக்கும்போது வேரைச் சுற்றி நர்சரிக் களிமண் உருண்டை இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஆந்திராவில் நர்சரிகள் நிறைந்த கடியத்திலிருந்து வரும் செடி பலவற்றில் வேரைச் சுற்றிக் களிமண் இறுகிப்போயிருக்கும். வேர் அதைத் தாண்டி வெளியே வராது. தண்ணீரில் ஊறவைத்து ஓரங்களை மெதுவாகக் கரைத்துவிட்டு வையுங்கள்.

கத்தரிக்கோல் | மார்ச் 2

மண் எல்லாம் சரி. பூ ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லையே. கவாத்து யார் செய்கிறார்கள்?

மேடவாக்கத்து மண் | மார்ச் 2

என் கணவர். ஹெட்ஜ் கட்டர் புதிதாக வாங்கியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மேசை மாதிரி மட்டமாக வெட்டிவிடுவார். ஏசி மூலைக்கு மட்டும் அவருடைய வயர் எட்டாது.

கத்தரிக்கோல் | மார்ச் 2

பிடித்துவிட்டேன்! இட்லிப்பூ கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். புதுத் துளிர் வந்து, முற்றி, நுனியில் கொத்து வெளிவர வாரக்கணக்கில் ஆகும். மொட்டு வைக்கப்போகிற நேரத்தில் ஒவ்வொரு முறையும் அவர் சீவிவிடுகிறார். ஏசி மூலையில் பூப்பதற்குத் தண்ணீர் பாதிக் காரணம், வயர் எட்டாதது மீதிக் காரணம்.

பூ உதிர்ந்ததும் அந்தக் கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டுக் கைக்கத்தரியால் வெட்டினால் போதும். பெரிய கவாத்து வருடத்துக்கு ஒன்று. இலை வெளுத்திருக்கும் இந்த நேரத்தில் ஒன்றும் வெட்டாதீர்கள். கட்டரை ஒளித்து வையுங்கள்.

குட்டித் தொட்டி | மார்ச் 3

வெட்டிய குச்சியில் புதுச் செடி வருமா?

கத்தரிக்கோல் | மார்ச் 3

வரும், பொறுமை வேண்டும். பூ இல்லாத, பாதி முற்றிய போத்தாக ஒரு சாண் எடுத்து, அடி இலையை உருவிவிட்டு, மணலும் நார்க் கழிவும் கலந்து நட்டு, மேலே பிளாஸ்டிக் கவர் மூடி நிழலில் வையுங்கள். ஒன்றரை மாதத்துக்கு இழுத்துப் பார்க்காதீர்கள். நான் பத்து வைத்தால் ஆறு பிடிக்கும். பெரிய ரகத்தில் பதியம் போட்டால் இதைவிட நிச்சயம்.

உரும்பிராய்த் தோட்டம் | மார்ச் 3

சின்ன வயதில் பூவைப் பிடுங்கிக் காம்பை உறிஞ்சித் தேன் குடிப்போம். கறுத்துப் பழுத்த பழமும் சாப்பிடுவோம். இப்போதைய குட்டை ரகங்களில் பழத்தைக் காணவே கிடைப்பதில்லை.

குழித்துறை | மார்ச் 3

நாங்களும்தான். பள்ளிக்கூடத்தில் வெட்சித் திணை, ஆநிரை கவர்தல் என்று மனப்பாடம் செய்தேன். அந்த வெட்சி எங்கள் வேலியில் நிற்கும் தெற்றிதான் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு மதிப்பெண் கூட வாங்கியிருப்பேன்.

மாடியில் மல்லி | மார்ச் 4

இக்சோரா என்ற பெயரே ஈஸ்வரனிலிருந்து வந்தது என்பார்கள். இங்கிருந்து போன சொல் நர்சரி அட்டையில் திரும்பி வந்திருக்கிறது!

மேடவாக்கத்து மண் | ஏப்ரல் 20

ஈடிடிஹெச்ஏ இரண்டு முறை ஊற்றினேன், 5 வார இடைவெளி. நடுவில் மூன்று முறை அன்னபேதி தெளிப்பு. 10 செடியில் 7க்குப் புது இலை பச்சையாகவே வருகிறது. சிமெண்ட் கட்டி நிறையக் கிடக்கும் நடுப் பகுதியில் 3 செடி இன்னும் வெளுப்புதான். பழைய மஞ்சள் இலைகளில் சில அப்படியே நிற்கின்றன. அவை மாறுமா?

இன்னொரு தொல்லை. துளிரெல்லாம் எறும்பு ஏறுகிறது, இலை மேல் கரி பூசினது போல் இருக்கிறது.

ஆய்வகத்துப் பூனை | ஏப்ரல் 20

ரொம்ப நாள் வெளுத்துக் கிடந்த இலை மாறாது, தானாக உதிரட்டும். புது இலையை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கரி மாதிரி இருப்பது கரும்பூஞ்சணம். துளிரில் அசுவினியோ தண்டில் செதில் பூச்சியோ இருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீருக்குத்தான் எறும்பும் வருகிறது, பூஞ்சணமும் வளர்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப், மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி வாரம் ஒரு முறை, மூன்று வாரம். அன்னபேதி தெளிக்கும் நாளில் இதைச் சேர்த்துத் தெளிக்காதீர்கள்.

மேடவாக்கத்து மண் | ஜூலை 29

ஆடி மழை இரண்டு பெய்தது. நர்சரி ஐயா சொன்னபடி 4 செடியைத் தோண்டி, பாதியாக அறுத்த நீல ட்ரம்களுக்கு மாற்றியாயிற்று. நடுவில் இருந்த அந்த 3 வெளுப்புச் செடியும் அதில் சேர்ந்தது. களிமண் உருண்டை அப்படியே இருந்தது! கோலிக்குண்டை உரித்தெடுப்பது போல் வெளியே வந்தது. ஒன்றரை வருடத்தில் வேர் விரல் நீளம்கூட வெளியே வரவில்லை. ஊறவைத்துக் கரைத்து வைத்தோம்.

காலியான இடத்தில் இரண்டு அடி தோண்டி, கிடைத்த சிமெண்ட் கட்டியை எல்லாம் பொறுக்கிவிட்டு அடுக்கு நந்தியாவட்டை வைத்திருக்கிறோம். ட்ரம்முக்கும் சுவரோரச் செடிக்கும் ஏசி தண்ணீர். அதைப் பிடித்து வைக்கும் வேலையை இப்போது அத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். ஆர்ஓ தண்ணீர் வீடு துடைக்கப் போகிறது. ராத்திரி ஏசியை அணைத்தால், "செடிக்குத் தண்ணீர் வேண்டாமா?" என்று கேட்கிறார்.

பழைய நர்சரி | ஜூலை 29

கரண்டு பில் வந்ததும் இங்கே எழுதுங்கள்.

மேடவாக்கத்து மண் | நவம்பர் 16

நான்கு மாதம் கழித்து வருகிறேன். மழை ஊற்றித் தள்ளிவிட்டது. ட்ரம்மில் இருக்கும் 4ம் கரும்பச்சை. ஒன்றில் 11 கொத்து எண்ணினேன். சுவரோரத்து 6ல் 4 பூத்திருக்கிறது, 2 இன்னும் லேசான மஞ்சள். அவற்றுக்கு மட்டும் ஈடிடிஹெச்ஏ தொடர்கிறேன். ஏசி மூலையில் இருந்த 2க்கும் இப்போது தனி மரியாதை. கட்டர் பரண் மேல் இருக்கிறது.

மாடியில் விழும் மழைத் தண்ணீரை அப்படியே போர் அருகே கிணற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்தோம். அதில் ஒரு குழாயைத் திருப்பி 500 லிட்டர் டேங்கில் பிடித்திருக்கிறோம். பிப்ரவரி வரை ட்ரம் செடிக்கு வரும் என்று கணக்கு.

உரும்பிராய்த் தோட்டம் | நவம்பர் 16

டேங்கை வடிவாக மூடி வையுங்கோ, வெளிச்சமும் நுளம்பும் போகாமல். அம்மம்மா சாக்கு கட்டி வைப்பா.

ஆய்வகத்துப் பூனை | நவம்பர் 17

அந்த மஞ்சள் 2க்கு அடியில் இன்னும் சிமெண்ட் கட்டி இருக்கும். அடுத்த ஆடியில் அவற்றையும் ட்ரம்முக்கு ஏற்றிவிடுங்கள்.

மேடவாக்கத்து மண் | நவம்பர் 17

செய்கிறேன். கடைசியாக ஒரு உதவி. போன வாரம் போர்ட்டிகோவில் வைத்து அன்னபேதி கரைத்தேன். பக்கெட் சரிந்துவிட்டது. வெள்ளை டைல்ஸில் ஆந்திரா வரைபடம் மாதிரி பழுப்புக் கறை. மூன்று நாளாகத் தேய்க்கிறேன், போகவில்லை. அத்தை ஊரிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறார்.

பழைய நர்சரி | நவம்பர் 17

பிப்ரவரி 12ஆம் தேதி நான் எழுதியதைப் போய்ப் படியுங்கள்.

மேடவாக்கத்து மண் | நவம்பர் 17

படித்தேன் ஐயா. கறை போக என்ன செய்வது?

ஆய்வகத்துப் பூனை | நவம்பர் 17

பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், கறை இன்னும் இறுகும். செடிக்கு வாங்கிய அதே எலுமிச்சை உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் கறை மேல் பூசி, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி ஒரு மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று தடவை ஆகும். டைல்ஸ்தானே, மார்பிள் இல்லையே? மார்பிள் என்றால் தொடாதீர்கள், அதுவும் சுண்ணாம்பு.

மேடவாக்கத்து மண் | நவம்பர் 19

டைல்ஸ்தான். நான்கு தடவை ஆயிற்று. அந்த ஆந்திரா வரைபடத்தில் கடப்பா மட்டும் மிச்சம். அதன் மேல் ட்ரம்மை நகர்த்தி வைத்துவிட்டேன்.